சாய்வு நாற்காலியில் ஒரு சந்தேகம்

மருத்துவரை நாடிச் செல்லும் மனிதர் எல்லோருமே ஓரளவு பராதீனர்கள்தாம் என்றாலும், பல் மருத்துவரிடம் சென்றவனுடைய பராதீனம் தனி வகையைச் சேர்ந்தது. ஏனெனில், மல்லாக்கச் சாய்த்த நாற்காலியில், முகத்துக்கு நேரே விளக்கு எரிய, வாய் நிறையப் பஞ்சும் உமிழ்நீரை உறிஞ்சும் குழாயுமாக, பேசும் சக்தி தற்காலிகமாகப் பறிக்கப்பட்ட நிலையில்தான் தன் வாயைப் பற்றிய தீர்ப்பை அவன் கேட்க நேர்கிறது. இரண்டு பல்லுக்கு வேர் சிகிச்சை, மூன்று பல்லுக்குக் கேப், கீழே காலியாக இருக்கும் இடத்தில் இம்ப்ளாண்ட் என்று மருத்துவர் உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போக, அவன் கண்ணை மட்டும் உருட்டுகிறான். வாயைக் கொப்பளித்துவிட்டு முன்னறைக்கு வந்து, கேட்க வேண்டிய கேள்விகளை மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்வதற்குள், அச்சிட்ட மதிப்பீட்டுத் தாள் ஒன்று அவன் கைக்கு வந்துவிடுகிறது. ஒரு பல் வலிக்கிறது என்று போனவன், ஒரு லட்சத்தைத் தாண்டிய ஒரு தொகையோடு வீடு திரும்புகிறான்.

அந்தத் தொகை முழுவதையும் அவனே கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் புழங்கும் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை, விபத்தினால் நேர்ந்த சேதத்தைத் தவிர, பல் சிகிச்சையைத் தங்கள் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்திருப்பவை. ஆகவே, இருதய சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்றால் காப்பீட்டு அட்டையைத் தேடி எடுக்கும் குடும்பம், பல்லுக்கு ஐம்பதாயிரம் என்றால் சீட்டுப் பணத்தைப் பற்றி யோசிக்கிறது. யோசிக்கும்போது, இந்த மனிதர் சொல்வதை நம்பலாமா என்ற சந்தேகமும் கூடவே எழுகிறது.

இந்தச் சந்தேகத்தை மருத்துவர் யோக்கியரா அயோக்கியரா என்ற வினாவாகச் சுருக்கிவிடுவதே நம்மில் பலர் செய்யும் முதற்பிழை என்பது என் அபிப்பிராயம். நம்முடைய பழைய தர்க்க சாஸ்திரிகள் அறிவுக்குரிய பிரமாணங்களை வகுத்தபோது, கண்ணால் காண்பதைப் பிரத்தியட்சம் என்றும், கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்து அறிவதை அனுமானம் என்றும், நம்பத்தக்கவனுடைய சொல்லை ஆப்த வாக்கியம் என்றும் பிரித்தார்கள். நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர், ஆப்தன் என்பவன் விஷயத்தை நேரே அறிந்தவனாக இருப்பதோடு, அறிந்ததை அறிந்தவாறே பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் உடையவனாக இருத்தல் வேண்டும் என்று இரண்டு லட்சணங்களைக் கூறினார். மருத்துவருடைய சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பட்டம் முதல் லட்சணத்துக்கு மட்டுமே சாட்சி. இரண்டாவதற்குச் சான்றளிக்கும் சர்வகலாசாலை எங்கும் இல்லை.

ஒரு காலத்தில் சந்தேகம் முதல் லட்சணத்தைப் பற்றியதாகவே இருந்தது. கல்கத்தாவில் ரஃபியுத்தீன் அகமது என்பவர் 1920-இல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கும் வரையில் இத்தொழிலை முறைப்படி கற்பிக்கும் இடமே இந்நாட்டில் இருக்கவில்லை. சென்னைக்கு அத்தகைய கல்வி 1953-இல்தான், மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக, வந்து சேர்ந்தது. அதற்கு முன்பெல்லாம் தந்தையிடமிருந்து மகன் கற்ற சீன வம்சத்துப் பல் மருத்துவர்களும், ஜார்ஜ் டவுன் பக்கத்துத் தெருக்களில் கடை விரித்துப் பல் கட்டியவர்களுமே சாமானியருக்குக் கதி. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இந்த நிலைமையை உணர்ந்து, பட்டம் பெற்றவர்களை 'ஏ' பகுதியிலும், பட்டம் இல்லாமல் நெடுநாளாகத் தொழில் நடத்திவந்தவர்களை 'பி' பகுதியிலும் பதிவு செய்ய இடம் கொடுத்தது. இன்றோ இந்தியாவில் 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பட்டத்தோடு வெளிவருகிறார்கள். அவர்களில் தனியார் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் கட்டிப் படித்தவர் பலர். நாற்காலிக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் வங்கியில் கடன் வாங்கியவர் பலர். ஒரே தெருவில் மூன்று பலகைகளுக்கு நடுவே நான்காவது பலகையை மாட்டியவர் பலர். அறிவைப் பற்றிய பழைய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்ட இடத்தில், விருப்பத்தைப் பற்றிய புதிய சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலி நாற்காலி மனிதனுடைய நிதானத்தை எவ்வாறு அசைக்கிறது என்பதைச் சுவிட்சர்லாந்து தேசத்து ஆராய்ச்சி ஒன்று அழகாகக் காட்டியிருக்கிறது. சூரிச் நகரத்தில், சிகிச்சை ஏதும் தேவையில்லை என்று முன்கூட்டியே நிபுணர்களைக் கொண்டு தீர்மானிக்கப்பட்ட ஒருவரை 180 பல் மருத்துவர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 28 பேர் தேவையற்ற சிகிச்சையைச் செய்துகொள்ளச் சொன்னார்கள். 2020-இல் பொருளாதார சஞ்சிகை ஒன்றில் வெளியான இந்த ஆராய்ச்சியில் என்னைக் கவர்ந்தது அந்த 28 அன்று; முன்பதிவுக்குக் காத்திருக்கும் நாட்கள் குறைவாக இருந்த, அதாவது கூட்டம் அதிகமில்லாத, மருத்துவமனைகளில்தான் தேவையற்ற சிகிச்சை அதிகமாகச் சொல்லப்பட்டது என்னும் செய்தியே. இதை மறுபக்கம் திருப்பிப் பார்த்தால், எழுபத்திரண்டு பேர் உள்ளதை உள்ளவாறு சொன்னார்கள் என்பதும் தெரியும். அந்தப் பக்கத்தைப் பார்க்க மறுப்பவர்கள் நியாயஸ்தர்கள் அல்லர்.

இதற்கு முன்பே, 1997-இல், 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகைக்காக வில்லியம் எக்கன்பார்கர் என்ற எழுத்தாளர் அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் மருத்துவர்களிடம் தம் வாயைத் திறந்து காட்டினார். ஒரே வாய்; ஆனால் மதிப்பீடோ சுமார் 500 டாலரிலிருந்து ஏறக்குறைய 30,000 டாலர் வரையில் விரிந்தது. இதைப் படிக்கும் எவரும் முதலில் சிரிப்பார்கள், பிறகு கோபிப்பார்கள்; ஆனால் இவ்வளவு வேற்றுமையும் வஞ்சகத்தினாலேயே விளைந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன், பல் என்னும் வஸ்துவின் இயல்பைச் சற்றே பொறுமையோடு கவனிக்க வேண்டும்.

பல்லின் மேலோடாகிய எனாமலில் நரம்பு கிடையாது. ஆகையால் சொத்தை அந்த ஓட்டுக்குள் இருக்கும் வரையில் வலி என்ற சாட்சி வராது. உள்ளே இருக்கும் டென்டினைக் கடந்து, நரம்பும் ரத்தக் குழாயும் அடங்கிய கூழை நெருங்கும்போதுதான் உடையவனுக்குச் செய்தி எட்டுகிறது. வலியே இல்லாத பல்லுக்குச் சிகிச்சை சொல்கிறாரே என்று நாம் ஐயுறும் தருணத்தில், மருத்துவர் மெய்யாகவே நமக்கு நன்மை செய்துகொண்டிருக்கலாம். ஆனால், எனாமலோடு நின்றுவிட்ட ஆரம்பச் சொத்தை, ஃப்ளோரைடின் உதவியாலும் சர்க்கரைப் பண்டங்களைக் குறைப்பதாலும் மேலே வளராமல் நின்றுவிடக் கூடும், சில சமயம் உப்புச்சத்தை மீண்டும் பெற்று இறுகிவிடவும் கூடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஜி. வி. பிளாக் வகுத்த சம்பிரதாயத்தில் பயின்ற பழைய தலைமுறை, சொத்தையைச் சுற்றி நல்ல பகுதியையும் சேர்த்துக் குடைந்து அடைப்பதையே தற்காப்பு என்று கருதியது; இன்றைய சாஸ்திரமோ பார்த்துக்கொண்டே இருப்பதையும் ஒரு சிகிச்சையாகவே மதிக்கிறது. எக்ஸ்ரே படத்தில் தெரியும் அந்த மங்கலான நிழல் எனாமலோடு நிற்கிறதா, டென்டினைத் தொட்டுவிட்டதா என்பதில் நேர்மையான இருவரே வேறுபடுவது சகஜம். நிழல் பிரத்தியட்சம், அது நாளை எதுவாகும் என்பது அனுமானம். மதிப்பீட்டுத் தாளில் இவ்விரண்டும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் அச்சாகிவிடுவதுதான் சங்கடம்.

ஆகவே, பெருந்தொகைக்குரிய சிகிச்சை சொல்லப்பட்டதும் செய்ய வேண்டிய முதற் காரியம், பட்டியலில் எது கண்டது, எது ஊகித்தது என்று பிரித்துத் தரும்படி மருத்துவரையே கேட்பது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், குடியிருப்பில் நடந்த இலவசப் பரிசோதனை முகாமில் அகப்பட்டு, அங்கிருந்து ஒரு குளிரூட்டிய மருத்துவமனைக்குச் சென்று, இரண்டு வேர் சிகிச்சை, நான்கு ஜிர்கோனியா கேப், இரண்டு இம்ப்ளாண்ட் என்ற பட்டியலோடு முன்னறையில் உட்கார்த்தப்பட்டார். அங்கே பேசியவர் மருத்துவர் அல்லர். கோ-ஆர்டினேட்டர் என்ற உத்தியோகத்தில் இருந்த ஓர் இளம்பெண். "சார், இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுட்டீங்கன்னா இருபது பர்சென்ட் குறைச்சுக்கலாம். நாளைக்கு வந்தா இந்த ஆஃபர் இருக்காது" என்றார் அவர். "ஏம்மா, பல்லு நாளைக்கும் என் வாயிலேதானே இருக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாராம் தலைமையாசிரியர். பல் சிகிச்சைக்குத் தள்ளுபடியும் கெடுவும் வைப்பவரிடம் சாஸ்திர ஞானம் எவ்வளவு இருந்தபோதிலும், ஆப்தனுக்குரிய இரண்டாம் லட்சணம் குறைவு என்று கொள்வதில் தவறில்லை.

எழுந்து வந்ததோடு அவர் நின்றிருந்தால் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் அதே மருத்துவரை நேரில் பார்த்து, நாற்காலியில் சாயாமல், மேஜைக்கு எதிரே அமர்ந்து, "டாக்டர், ஒவ்வொரு பல்லாகச் சொல்லுங்கள், ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் விட்டால் எது என்ன ஆகும்?" என்று கேட்டார். உங்கள் தாயாராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்படி பலர் புத்தி சொல்வதுண்டு. அது உருக்கமான கேள்வி, அதற்கு உருக்கமான பதில்தான் கிடைக்கும். ஆறு மாதம் என்ற கேள்விக்கு அவ்விதம் நழுவ முடியாது. தலைமையாசிரியருக்குக் கிடைத்த பதில்களின்படி, ஒரு பல்லில் கூழ் அழிந்து வேர்நுனியில் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது, அதைத் தள்ளிப்போட இயலாது. இன்னொன்றில் வேர் சிகிச்சை தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். இம்ப்ளாண்ட் இரண்டும் அவருடைய சௌகரியத்தைப் பொறுத்தவை. பட்டியல் அப்படியே இருந்தது, அதன் முகம் மாறிவிட்டது. ஒன்றே அவசரம், ஒன்று சந்தேகம், மற்றவை விருப்பம்.

வேர் சிகிச்சை என்று சொல்லப்படும்போது, அதற்குரிய அடையாளங்களை நோயாளியும் ஓரளவு அறிந்திருத்தல் நலம். குளிர்ந்த நீர் பட்டதும் கூசி, நீர் போனதும் கூச்சமும் போய்விடுமானால், கூழ் பெரும்பாலும் பிழைக்கக் கூடிய நிலையில் இருக்கிறது; சூடு பட்டபின் வலி நெடுநேரம் நின்று குத்துவதும், இரவில் தானாகவே கிளம்பித் தூக்கத்தைக் கெடுப்பதும் மீளாத நிலையின் அறிகுறிகள். குளிர் வைத்துச் சோதித்தாரா, தட்டிப் பார்த்தாரா, அந்த ஒரு பல்லுக்கென்று தனிப் படம் எடுத்தாரா என்று கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. ஈறு நோய் என்றால், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து குறிப்பது வழக்கம். மூன்று வரையில் இயல்பு, அதற்கு மேல் கவலை. நம் ஊரில் பெருகிக் கிடக்கும் நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் ஒன்றையொன்று வளர்க்கும் உறவு உண்டென்பதால், இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது பல்லுக்கு மட்டுமின்றி உடம்புக்கும் உபயோகமானது.

மருத்துவர் பக்கத்தில் நின்று பேச வேண்டிய இடங்களும் இருக்கின்றன. வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட வேண்டும் என்பதைக் கூடுதல் வருமானத்துக்கான உபாயம் என்று எண்ணி, பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். குடைந்தெடுத்த கடைவாய்ப் பல் மெல்லும் பாரத்தைத் தாங்காமல் பிளந்துவிடும் அபாயம் உண்மையானது. அங்கே கேப் அவசியம். ஆனால் அது எந்தக் கேப் என்பது வேறு விஷயம். உலோகம், உலோகத்தின்மேல் பீங்கான், ஜிர்கோனியா என்று விலை ஏறிக்கொண்டே போகும் அந்த வரிசையில், வாயைத் திறந்தாலும் பிறர் கண்ணுக்குத் தெரியாத கடைசிப் பல்லுக்கு உலோகமே போதும் என்று சொல்லும் மருத்துவர் இன்னும் இருக்கிறார்கள். கேப்போடு தரப்படும் பத்தாண்டு வாரண்டி அட்டை, கேப்புக்குத்தான். அதன் அடியில் இருக்கும் பல்லுக்கு அன்று. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்பதும், மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்பதும் நம் வீட்டுத் திண்ணைகளில் இன்றும் உலவும் அபத்தங்கள். இவற்றை நம்பிக்கொண்டு மருத்துவரைச் சந்தேகிப்பது விவேகமாகாது.

பணம் மிகுதியாகக் கரைவது இம்ப்ளாண்டில். டைட்டானியம் எலும்போடு ஒட்டி ஒன்றாகிவிடும் என்பதை ஸ்வீடன் தேசத்து பிரனேமார்க் முயல்களின் எலும்பில் தற்செயலாகக் கண்டு, 1965-இல் மனிதனுடைய தாடையில் முதன்முதலாகப் பொருத்தினார். மருத்துவ உலகம் கண்ட நேர்த்தியான கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காலியாக உள்ள ஒவ்வோர் இடத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பது சாஸ்திரம் அன்று. நெதர்லாந்தின் கெய்ஸர் என்ற பல் மருத்துவ ஆசிரியர், முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப் பற்களுமாக இருபது பற்கள் மேலும் கீழும் சரியாகப் பொருந்தியிருந்தால், பலருக்கு அதுவே மெல்லவும் பேசவும் போதும் என்று 1981-இல் எடுத்துக்காட்டினார். கழற்றி மாட்டும் பல்செட், பக்கத்துப் பற்களைத் தேய்த்துக் கட்டும் பிரிட்ஜ், இம்ப்ளாண்ட், சும்மா விட்டுவிடுவது என்ற நான்கு வழிகளில் மூன்றையாவது எடுத்துச் சொல்லாமல் ஒன்றை மட்டுமே சொல்பவரிடம், மற்றவற்றை நாமே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஞானப்பல் விஷயமும் இதைப் போன்றதே. நோய் ஏதும் காட்டாமல் எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரால் பிடுங்கலாகாது என்று 2000-இலேயே இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு நெறி வகுத்துவிட்டது. பாதரசம் கலந்த பழைய அடைப்புகளை, அவை உறுதியாக இருக்கும்போதே, விஷம் என்று பயமுறுத்தி எடுப்பதை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஒழுக்க விதிகளே கண்டிக்கின்றன.

இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது என்று சொல்பவர் குறைவு. முதல் மருத்துவரின் மதிப்பீட்டுத் தாளை மேஜைமேல் வைத்து, இது சரியா பாருங்கள் என்றால், இரண்டாமவர் நம் வாயைப் பார்ப்பதற்குப் பதிலாகப் போட்டியாளரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒன்று, சக தொழிலாளி என்ற தாட்சண்யத்தால் தலையசைப்பார், அல்லது, வாடிக்கை கிடைக்கும் என்ற ஆசையால் விலையைக் குறைத்துச் சொல்வார். இரண்டும் நமக்கு வேண்டியவை அல்ல. எக்ஸ்ரே படத்தை மட்டும் கொடுத்து, தீர்ப்பை மறைத்து, சிகிச்சை உங்களிடம் செய்துகொள்ளப் போவதில்லை, ஆலோசனைக்குரிய கட்டணத்தைத் தருகிறேன் என்று முன்னரே சொல்லிவிடுவதே உத்தமம். சுவரில் விரிசல் என்று சொல்லும் மேஸ்திரியே அதை இடித்துக் கட்டும் ஒப்பந்தத்தையும் எடுப்பவராக இருக்கும்போது, கட்டப்போகாத வேறொரு மேஸ்திரியின் கண் நமக்கு அவசியமாகிறது. முதலில் பார்த்தவரிடம் படத்தின் நகலைக் கேட்டு, அவர் முகம் சுளிக்காமல் அதை அனுப்பி வைத்தால், அந்தச் செய்கையையே அவருக்குச் சாதகமான சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அவகாசமும் எல்லா நிலைமைகளுக்கும் உரியதன்று. தாடை வீங்கி, ஜுரம் கண்டு, வாயைத் திறக்க முடியாமலும் எச்சில் விழுங்க முடியாமலும் போனால், அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழ்ப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சுக் குழலை நெருக்கி உயிரைக் கொள்ளும் நிலைமை அரிதாயினும் மெய்யானது. அந்த ராத்திரியில் செலவைப் பற்றித் தர்க்கம் செய்பவன் மூடன். ஆனால் அப்போதும் செய்ய வேண்டியது சீழை வெளியேற்றுவதும், நோய்க்கு மூலமான பல்லைக் கவனிப்பதும், மருந்தும்தான். மற்ற நான்கு பற்களுக்கும் சேர்த்துக் கையெழுத்திடுவதற்கு அந்த வேளை ஏற்றதன்று.

சட்டமும் நோயாளியின் பக்கத்தில் ஓரளவு நிற்கிறது. மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2008-இல் வேறொரு வழக்கில், சிகிச்சையின் தன்மை, வேறு வழிகள், முக்கியமான அபாயங்கள், மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றைப் போதிய அளவு எடுத்துச் சொன்ன பிறகு பெறும் சம்மதமே சம்மதம் என்றும், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது என்றும் விளக்கியது. அந்த வழக்குப் பல்லைப் பற்றியதன்று. எனினும், ஆறு மாதம் விட்டால் என்ன ஆகும் என்று தலைமையாசிரியர் கேட்ட கேள்வி அந்தத் தீர்ப்பிலே இருக்கிறது.

தலைமையாசிரியர் கடைசியில் சென்னை கோட்டை நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே சீட்டு வாங்கும் வரிசை நீளமானது. முதலில் பார்ப்பவர் மாணவர், பிறகு அவர் எழுதியதைச் சரிபார்ப்பவர் ஆசிரியர். இருவருக்கும் அவருடைய பல்லைக் குடைவதால் ஒரு பைசா கூடுதலாக வரப்போவதில்லை. பணம் மிச்சம், பொழுது செலவு. சீழ் கட்டியிருந்த பல்லுக்கு வேர் சிகிச்சை வேண்டும் என்று அங்கும் சொன்னார்கள். சந்தேகத்துக்கு இடமான இரண்டாவது பல்லை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அவர் வேர் சிகிச்சையைத் தம் வீட்டுக்கு அருகில், முதலில் பார்த்த அதே மருத்துவரிடமே செய்துகொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "கேட்டதுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னாரே" என்றார். கேப் உலோகத்தில் போட்டுக்கொண்டார். இம்ப்ளாண்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை. முறுக்கை மட்டும் வலப்பக்கத்தில் கடிக்கிறார்.